நடராசர் சிலையும் நான் எட்டாம் வகுப்பில் சொன்ன தப்பும்

பதிவு கொஞ்சம் நீளம். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

போன திருவாதிரை அன்று காலையில் அகத்தீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, களி சாப்பிட்டுவிட்டு போனைத் திறந்தேன். குடும்பக் குழுவில் நடராசர் படத்தோடு ஒரு செய்தி. "உலகின் மிகப் பெரிய ஆராய்ச்சிக் கூடத்தின் வாசலில் நடராசர்! அணுவின் ஆட்டத்தை நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்தார்கள் என்று விஞ்ஞானிகள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்! பத்துப் பேருக்கு அனுப்புங்கள்!"

பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் பேரன், "இது உண்மையா? யார் ஒப்புக்கொண்டது?" என்று கேட்டிருந்தான். அதற்கு என் தம்பி மகன் போட்ட பதில்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "டீச்சர் அத்தையே சொல்லியிருக்காங்க. நான் அவங்ககிட்டத்தான் எட்டாவது படிச்சேன்." அதற்குக் கீழே என்னிடம் படித்த இன்னும் இரண்டு பேர், "ஆமாங்க, டீச்சர் வகுப்புலயே சொன்னாங்க" என்று சாட்சி.

சொன்னேன் கண்ணுகளா. பொய் இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

2012 சூலை 4ஆம் தேதி ஹிக்ஸ் துகளைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். பத்திரிகைகள் எல்லாம் 'கடவுள் துகள்' என்று கொட்டை எழுத்தில் போட்டன. அந்தப் பெயரே ஒரு புத்தகத் தலைப்பில் இருந்து வந்தது. 1993இல் லியான் லெடர்மன் என்ற இயற்பியலாளர் எழுதிய புத்தகம் அது. துகளுக்கும் கடவுளுக்கும் வேறு சம்பந்தம் இல்லை. எனக்கு அது அன்று தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் படித்ததை வைத்துக்கொண்டு, கரும்பலகையில் நடராசரை வரைந்து, ஒரு மணி நேரம் பேசினேன். "இயற்கை அடிப்படையில் இடது பக்கம் சாய்ந்தது என்று விஞ்ஞானிகள் 1957இல்தான் கண்டுபிடித்தார்கள். நம் சாமி ஆயிரம் வருடமாக இடது காலைத் தூக்கி ஆடுகிறார். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?" என்று முடித்தேன். வகுப்பே கை தட்டியது.

மூன்றாவது பெஞ்சில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். "ஏனுங் டீச்சர், மதுரையில சாமி வலது காலத் தூக்கி ஆடறாருங்களே. அப்ப அது என்னுங்?"

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு மீனாட்சி கோயிலுக்குப் போய் வந்திருக்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. "சாமி விசயத்துல குதர்க்கம் பேசாதே, உக்காரு" என்றேன். உட்கார்ந்தாள். அந்த வருடம் முழுக்க அவள் மறுபடி ஒரு கேள்வி கேட்கவில்லை. நானும் அதைக் கவனித்ததாக அன்று காட்டிக்கொள்ளவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு நேரம் கிடைத்தது. அந்தச் சிலையின் கதையைத் தேடித் தேடிப் படித்தேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் சிலை. அது இருப்பது உண்மை. சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவுக்குப் பக்கத்தில், பிரான்சு எல்லையை ஒட்டி, செர்ன் என்ற ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1954இல் தொடங்கியது. அங்கே இரண்டு கட்டடங்களுக்கு நடுவில், 2 மீட்டர் உயரத்தில் நடராசர் நிற்கிறார். 2004 சூன் 18ஆம் தேதி திறந்துவைத்தார்கள். அங்கிருக்கும் விஞ்ஞானிகள் ஆராய்ந்து பார்த்து வைத்த சிலை இல்லை அது. நம் இந்திய அரசு கொடுத்த அன்பளிப்பு. 1960களில் இருந்தே இந்திய விஞ்ஞானிகள் அங்கே போய் வேலை செய்கிறார்கள், அந்த உறவுக்கு அடையாளம். நம் வீட்டுப் பெண்ணைக் கட்டிக் கொடுத்த இடத்துக்கு ஒரு குத்துவிளக்கு கொடுத்தால், அந்த வீட்டார் நம் குலதெய்வத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்று அர்த்தமா? மரியாதையாக வாங்கிக் கூடத்தில் வைத்தார்கள் என்றுதான் அர்த்தம்.

இதைவிடப் பெருமைப்பட வேண்டிய ஒன்றை அந்த வாட்ஸ்அப் செய்தி சொல்லவே இல்லை. அங்கே பூமிக்கு அடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவில் ஒரு வட்டச் சுரங்கம் இருக்கிறது. ஒவ்வொன்றும் 30 டன்னுக்கு மேல் கனமுள்ள 1,232 பெரிய காந்தங்களை அதற்குள் வரிசையாக வைத்திருக்கிறார்கள். மயிரிழை பிசகினாலும் துகள்கள் பாதை மாறிவிடும். அந்தக் காந்தங்களைத் தாங்கி, நுட்பமாக நகர்த்தி நிறுத்துகிற ஜாக்குகள் ஏறத்தாழ 7,000 இந்தியாவில் செய்து போனவை. லாரி ஜாக், கார் ஜாக் என்று சொல்கிறோமே, அதே வேலைதான், நுட்பம் மட்டும் பல மடங்கு. கோவை, பல்லடம் பக்கம் லேத் பட்டறையில் நின்று பழகிய நம் பையன்களுக்கு அதன் அருமை புரியும். வாசலில் நிற்கும் சிலையைப் படம் எடுத்து அனுப்புகிறோம். உள்ளே சுமையைத் தாங்கி நிற்கும் ஜாக்குகளை யாரும் அனுப்புவதில்லை.

அடுத்தது, சிலைக்குப் பக்கத்தில் இருக்கும் பலகை. அதில் இரண்டு பேருடைய வார்த்தைகள் இருக்கின்றன. ஒருவர் ஆனந்த குமாரசாமி, இன்னொருவர் ஃபிரிட்ஜாஃப் காப்ரா.

ஆனந்த குமாரசாமி 1877இல் கொழும்பில் பிறந்தவர். அப்பா தமிழர், அம்மா ஆங்கிலப் பெண்மணி. கலை வரலாற்று அறிஞர் என்றுதான் நமக்குத் தெரியும். ஆனால் அவர் படித்தது நிலவியல். இலங்கையின் கனிம ஆய்வுக்கு முதல் இயக்குநராக இருந்தவர். 1904இல் தோரியனைட் என்ற புதிய கனிமத்தை அடையாளம் கண்டவர். கன்னங்கரேல் என்று சிறு சிறு கனசதுரமாக இருக்கும் அது, கதிரியக்கம் உள்ள தோரியம் கனிமம். யோசித்துப் பாருங்கள். அணு உடைந்து கதிர் வீசும் ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார்த்த மனிதர்தான், 1912இல் 'சித்தாந்த தீபிகை' என்ற சைவ இதழில் சிவனுடைய நடனத்தைப் பற்றி அந்தப் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். 1918இல் அது புத்தகமாகவும் வந்தது.

கலை, சமயம், அறிவியல் மூன்றும் நடராசர் வடிவத்தில் ஒன்றுசேர்கின்றன என்று அவர் எழுதியது உண்மை. ஆனால் அவர் வேலை செய்த விதத்தைப் பாருங்கள். கல்லைப் பற்றித் தெரிந்துகொள்ள அதை வேதியியல் சோதனைக்கு அனுப்பினார். சிலையைப் பற்றித் தெரிந்துகொள்ளத் திருமந்திரத்தையும் உண்மை விளக்கத்தையும் திறந்தார். கல்லைப் பற்றிய கேள்விக்குத் திருமந்திரத்தில் பதில் தேடவில்லை.

காப்ரா ஆஸ்திரியாவில் பிறந்த இயற்பியலாளர். ஒருநாள் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது, சுற்றிலும் அணுக்கள் எல்லாம் ஆடுவதாக உணர்ந்து, அதுவே சிவ நடனம் என்று தோன்றியதாக எழுதினார். 1975இல் வந்த அவருடைய 'இயற்பியலின் தாவோ' உலகம் முழுக்க விற்றது. நம் ஊர் மேடைகளில் கேட்கும் பேச்சுக்குப் பெரும்பாலும் அதுதான் வேர். அவருடைய உணர்வைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அந்தப் புத்தகத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. 'அடிப்படைத் துகள் என்று ஒன்றும் கிடையாது, எல்லாத் துகளும் ஒன்றுக்குள் ஒன்று' என்று அப்போது அமெரிக்காவில் ஒரு கொள்கை இருந்தது. கீழை நாட்டு ஞானத்தோடு அது அச்சாகப் பொருந்துகிறது என்று காப்ரா அதைப் பெரிதாக எடுத்துச் சொன்னார். ஆனால் புத்தகம் வருவதற்கு முந்தைய ஆண்டு, 1974 நவம்பரில், ஒரு புதிய துகள் கிடைத்தது. குவார்க் என்ற அடிப்படைத் துகள்கள் இருப்பதைப் பெரும்பாலான இயற்பியலாளர்கள் அதன்பிறகு ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பழைய கொள்கை ஓரம் போனது.

இப்போது சொல்லுங்கள். அந்தக் கொள்கைதான் நடராசருக்குச் சாட்சி என்றால், கொள்கை விழுந்த அன்று நடராசரும் விழுந்துவிட்டாரா? விழவில்லை. தில்லையில் அன்றும் ஆறு கால பூசை நடந்தது. ஒன்றுக்கு ஒன்று சாட்சி கிடையாது என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது.

நம் பெரியவர்கள் அந்த வடிவத்துக்குச் சொன்ன பொருள் எழுத்தில் இருக்கிறது. உண்மை விளக்கம் 13ஆம் நூற்றாண்டு நூல். உடுக்கை ஏந்திய கை படைத்தல், அமைத்த கை காத்தல், தீ ஏந்திய கை அழித்தல், ஊன்றிய கால் மறைத்தல், தூக்கிய கால் அருளல். ஐந்தொழில். உயிர் எப்படிக் கட்டுப்பட்டுக் கிடக்கிறது, எப்படி விடுபடும் என்பதுதான் சைவ சித்தாந்தம் கேட்கும் கேள்வி. எலக்ட்ரானின் நிறை எவ்வளவு என்று அது கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னதாக நாம் மார் தட்டுகிறோம். கேட்ட கேள்வியை மறந்துவிட்டோம். செம்பியன் மாதேவியார் காலத்துச் சிற்பிகள் மெழுகில் செய்து, மண் பூசி, சூளையில் உருக்கி வார்த்தார்களே, அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதையா இது?

இனி சமச்சீர். சமச்சீர் என்றால் உங்களில் பலருக்குக் கல்வித் திட்டம்தான் நினைவுக்கு வரும்! இது வேறு. ஒன்றைத் திருப்பினாலும், புரட்டினாலும், கண்ணாடியில் காட்டினாலும் மாறாமல் இருப்பதுதான் இயற்பியலில் சமச்சீர். உங்கள் அம்மாமார் மார்கழியில் போட்ட புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் சாணிப் பிள்ளையார், மேலே பூசணிப்பூ. வாசலைச் சுற்றி நான்கு பக்கம் நின்று பார்த்தாலும் ஒரே மாதிரி தெரிகிற கோலம் எத்தனை! அதிலேயே சிக்குக் கோலத்தில் சிலது, சுற்றிப் பார்த்தால் மாறாது, கண்ணாடியில் காட்டினால் மட்டும் சுழி எதிர்ப் பக்கம் திரும்பிவிடும். சமச்சீரில் இப்படி வகை வகையாக இருக்கிறது.

1918இல் எம்மி நோதர் என்ற ஜெர்மானியப் பெண் கணித மேதை ஒரு பெரிய உண்மையை நிறுவினார். ஒரு சோதனையை இன்று செய்தாலும் நாளை செய்தாலும் இயற்கையின் விதி மாறாது என்பதால்தான் ஆற்றல் அழியாமல் இருக்கிறது. தாராபுரத்தில் செய்தாலும் ஜெனீவாவில் செய்தாலும் மாறாது என்பதால்தான் உந்தம் மாறாமல் இருக்கிறது. ஒவ்வொரு சமச்சீருக்குப் பின்னாலும் மாறாத ஒன்று உண்டு. குமாரசாமியின் புத்தகமும் 1918, நோதரின் கட்டுரையும் 1918! இதை வைத்து இன்னொரு வாட்ஸ்அப் செய்தி தயார் செய்துவிடலாம். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆண்டு ஒத்துப்போவது அவ்வளவு சுலபம்.

கண்ணாடிச் சமச்சீரும் அப்படித்தான் இருக்கும் என்று விஞ்ஞானிகள் நம்பினார்கள். இடம்புரிச் சங்கைக் கண்ணாடியில் காட்டினால் வலம்புரியாகத் தெரியும். வலம்புரி அபூர்வம்தான், ஆனாலும் அதுவும் கடலில் கிடைக்கிறது. அதுபோல இயற்கையில் நடக்கும் எதையும் கண்ணாடியில் பார்த்தால், அதுவும் நடக்கக் கூடியதாகவே இருக்கும் என்பது நம்பிக்கை. 1956இல் லீ, யாங் என்ற இரண்டு சீன இளைஞர்கள், கதிரியக்கத்தில் ஒரு வகைக்கு இதை யாருமே சோதித்துப் பார்க்கவில்லையே என்று கேட்டார்கள். சியென் ஷியுங் வூ என்ற அம்மையார் அதைச் சோதிக்க இறங்கினார். கோபால்ட்-60 அணுக்களைக் கடுங்குளிரில் வைத்து, காந்தத்தால் எல்லாவற்றையும் ஒரே பக்கம் சுழலும்படி அடுக்கி, எலக்ட்ரான் எந்தப் பக்கம் அதிகம் வருகிறது என்று எண்ணினார்.

அந்த முடிவு தன்னை எட்டுவதற்கு முன்னால், வோல்ஃப்காங் பவுலி என்ற மேதை, கடவுள் இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்று நான் நம்பமாட்டேன் என்ற கருத்தில் நண்பருக்குக் கடிதம் எழுதினார். 1957 சனவரியில் முடிவு வந்தது. இரண்டு பக்கமும் சமமாக வரவில்லை. இயற்கை அந்த ஒரு விசையில் இடது பக்கம்தான். பவுலி தோற்றதை ஒப்புக்கொண்டார். லீக்கும் யாங்குக்கும் அந்த ஆண்டே நோபல் பரிசு. சோதனை செய்த வூ அம்மையாருக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை.

அந்த இடது பக்க விதியை முழுமையாக வகுத்தவர்களில் ஒருவர் நம் பக்கத்துக்காரர். இ. சி. ஜி. சுதர்சன், கோட்டயம் மாவட்டத்துப் பள்ளம் ஊர்க்காரர். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். 1957இல் தன் ஆசிரியர் மார்ஷக்கோடு சேர்ந்து அதை வகுத்தார். பின்னாளில் சென்னையில் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். வேதாந்தத்தில் ஆழ்ந்த ஈடுபாடு உள்ளவர். ஆனாலும் அந்த விதியை வகுக்க, உலகில் அதுவரை நடந்த சோதனை முடிவுகளை எல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தார். சில சோதனைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. அவற்றில் சிலது தப்பாகத்தான் இருக்க வேண்டும், திரும்பச் செய்யுங்கள் என்றார். திரும்பச் செய்தபோது அவர் சொன்னதுதான் சரி.

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன்.

நடராசர் திருமேனி இடம் வலம் ஒத்தது இல்லை. இடது கால் மேலே, வலது கால் கீழே. வலது காதில் ஆணின் குழை, இடது காதில் பெண்ணின் தோடு, உமை இடப்பாகம் என்பதால். இதுவரை பார்த்தால் 'இயற்கை இடது பக்கம்' என்பதற்கு அச்சாகப் பொருந்துகிறது. அதில்தான் நான் விழுந்தேன். ஆனால் மதுரை வெள்ளியம்பலத்தில் வலது கால் மேலே. திருவிளையாடற் புராணம் அதற்குக் காரணம் சொல்கிறது. பாண்டிய மன்னன் ஒருவன் நடனம் கற்றுக்கொண்டான். எவ்வளவு கால் வலிக்கிறது என்று அனுபவத்தில் தெரிந்தது. 'சாமி எந்நேரமும் ஒரே காலில் நிற்கிறாரே, வலிக்காதா?' என்று கலங்கி, கால் மாற்றி ஆடும்படி வேண்டினான். சாமி மாற்றிக்கொண்டார்.

எவ்வளவு அன்பான கதை! அதில் இயற்பியலே கிடையாது. ஒரு மனிதன் தன் கால் வலியில் இருந்து கடவுளின் கால் வலியை நினைத்துப் பார்த்த கதை.

ஆனால் என் 'சாட்சி' அங்கே உடைந்தது. இயற்கை வலது பக்கம் என்று வூ அம்மையார் கண்டுபிடித்திருந்தால், நான் மதுரையைக் காட்டியிருப்பேன். இரண்டும் சமம் என்று வந்திருந்தால், தில்லையையும் மதுரையையும் சேர்த்துக் காட்டியிருப்பேன். எந்த முடிவு வந்தாலும் எனக்கு ஒரு கோயில் இருந்தது. அந்த எலக்ட்ரான்கள் மறுபக்கம் வந்திருந்தால் லீ, யாங், சுதர்சன் எல்லோரும் தோற்றிருப்பார்கள். நான் எப்படியும் தோற்றிருக்க மாட்டேன். அதனால்தான் நான் சொன்னது அறிவியல் இல்லை. பதின்மூன்று வயதுப் பெண் ஒரே கேள்வியில் இதைத் தொட்டுவிட்டாள். நான் அவளை உட்கார வைத்தேன்.

அப்படியானால் நம் மரபுக்கும் அறிவியலுக்கும் தொடர்பே கிடையாதா? உண்டு, உழைத்தால். சுதர்சன் படித்த அதே தாம்பரம் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி என்ற பேராசிரியர் இருந்தார். பெண்கள் வாசலில் போடும் கோலத்தை மதித்து ஆராய்ந்தார். ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரோடு சேர்ந்து, கோலம் எந்த விதிப்படி வளர்கிறது என்று 1974இல் கணினி அறிவியல் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். கோலம் போடும் பாட்டிக்குக் கணினி தெரியும் என்று அவர் சொல்லவில்லை. பாட்டியின் விரலில் ஒரு ஒழுங்கு இருக்கிறது, அதைப் படிப்போம் என்றார். அந்தக் கட்டுரையை உலகம் படித்தது.

அந்த வாட்ஸ்அப் செய்தியின் கடைசியில், பூமியின் காந்தப் புலத்தின் மையப்புள்ளி நடராசரின் கால் பெருவிரலில் இருக்கிறது என்றும் இருந்தது. காந்த நடுக்கோடு என்பது பூமியைச் சுற்றி ஓடும் ஒரு கோடு. சுற்றி ஓடும் கோட்டுக்கு எந்த ஊரில் மையப்புள்ளி வைப்பது? நம் நாட்டில் அது தென்கோடியைத் தொட்டுப் போனதால்தான், திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்து, 1963 நவம்பர் 21இல் முதல் ராக்கெட்டை விட்டார்கள். தில்லைக்குப் பெருமை சேர்க்கக் காந்தம் வேண்டியதில்லை.

நான் நாத்திகம் பேசுவதாக நினைத்துவிடாதீர்கள். அடுத்த திருவாதிரைக்கும் கோயிலுக்குப் போவேன், களி கிண்டுவேன். முடிந்தால் பேரனைக் கூட்டிக்கொண்டு பேரூர் கனகசபைக்கும் போவேன். மேலைச் சிதம்பரம் என்று பேர் பெற்ற இடம். நீங்கள் எல்லாம் என்னோடு பள்ளிச் சுற்றுலாவில் வந்து, அந்தத் தூண்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்க நின்ற இடம்தான்.

2012இல் எட்டாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு: நான் சொன்னது தப்பு. யாராவது "டீச்சரே சொன்னாங்க" என்றால், "டீச்சரே திருத்திக்கிட்டாங்க" என்று இந்தப் பதிவைக் காட்டுங்கள். உங்கள் பிள்ளைகளிடம் அதைச் சொல்லியிருந்தால் அதையும் திருத்திவிடுங்கள்.

மூன்றாவது பெஞ்சில் இருந்த கண்ணு, உன் பெயரை இங்கே எழுதவில்லை. படித்தால் உனக்குத் தெரியும். அன்று நீ கேட்டது குதர்க்கம் இல்லை சாமி. என் முப்பத்து சொச்சம் வருட வேலையில் வகுப்பில் கேட்ட நல்ல கேள்விகளில் அது ஒன்று. பதில் தெரியவில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துவிடு. இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வா. வேறு என்னவெல்லாம் கேட்க நினைத்து கேட்காமல் விட்டாயோ, அதையும் கேளு.

இதில் பிழை எதுவும் இருந்தால் கீழே எழுதுங்கள். இந்தத் தடவை யாரையும் உட்காரச் சொல்லமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
தாராபுரம்.